மகள் ஓட்டிய காற்றாலை

என் மகள் ஹாலந்தில் கணினி வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில், சம்பளமில்லாமல், ஒரு பழைய காற்றாலையில் கோதுமை அரைக்கப் பழகினாள். முந்நூறு வயது ஆலை. அந்த ஊர் ரொட்டிக்கடைக்கு இன்றும் மாவு அங்கிருந்துதான் போகிறது. நான்கு இறக்கைகள், ஒவ்வொன்றும் இங்கே எங்கள் ஊர் தின்கன்ஜூனில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்தைவிட நீளம். நான் எப்படிக் கவலைப்படாமல் இருப்பது?

போன மாதம் அவளுக்குச் சோதனை. தொழில் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் வெளியே பெஞ்சில் காபியோடு உட்கார்ந்துகொள்வார். மூட்டை அரைந்து முடிவதற்குள் அவர் எழுந்துவர நேர்ந்தால், இன்னும் ஒரு வருஷம் அவள் உதவியாள்தான். எழாவிட்டால் சனிக்கிழமை ஆலை அவள் பொறுப்பு.

எனக்கு வீடியோ கால் போட்டு, பெஞ்சும் இறக்கைகளும் தெரியும்படி போனை வேலியில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனாள். இங்கே மத்தியானம், மின்சாரம் இல்லை, என் போனில் முப்பத்தொரு சதவீதம்.

"மூச்சாவது விடுங்க," என்றாள் மனைவி.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆலைக்காரர்களும் அப்படித்தானாம். நிமிஷத்துக்கு எத்தனை இறக்கை நுனி கீழே கடக்கிறது என்று எண்ணித்தான் வேகம் சொல்வார்கள். அறுபது. நல்ல நடை. பிறகு கருமேகம் ஒன்று ஏறி வந்தது. எழுபத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு.

"பிரேக்கப் போடும்மா!"

உள்ளே இருந்தவளுக்குக் கேட்கவில்லை. பெரியவருக்குக் கேட்டது. கோப்பையைக் கீழே வைத்தார்.

மனைவி என் தொடையைக் கிள்ளினாள். "நீங்களே அவர எழுப்பி விட்டுருவீங்க போல!"

வாயைப் பொத்திக்கொண்டேன். மகள் வெளியே வந்தாள், வானத்தைப் பார்த்தாள், பிரேக் கயிற்றை இழுத்தாள். இறக்கைகள் முனகி நின்றன. ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து, மரச்சட்டத்தில் ஏறி, காற்று குறைவாகப் பிடிக்கும்படி இறக்கையின் பாய்த்துணியைப் பாதி சுருட்டிக் கட்டினாள். நான்கு முறை ஏறினாள். மறுபடி ஓடவிட்டாள். அறுபத்துநான்கு. பெரியவர் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

மூட்டை முடிந்து, முகமெல்லாம் மாவோடு போனுக்கு வந்தாள்.

"அப்பா, கத்துனது யாருன்னு கேக்குறாரு. நீங்க எண்ணுவீங்கன்னு சொன்னேன். வேகம் தொண்ணூறுங்கிறாரு."

"தொண்ணூத்திரெண்டு."

"போன வச்சிரும்மா, இவரு சண்டைக்கு நிப்பாரு," என்று மனைவி சிரித்தாள்.

மகளுக்குப் பின்னால் பெரியவர் பெஞ்சைவிட்டு அசையவே இல்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, ஆலைச் சாவியை ஆட்டி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.