கோலிக்கு மேலே நின்ற தண்ணீர்

1. பங்குனிக் கடைசியில் ராஜபாளையத்தில் வாந்திபேதி கண்டது.
2. தண்ணீரைக் காய்ச்சித்தான் சோடா அடைக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அப்படியே செய்தார்.
3. வெளித் தண்ணீரைத் தொடாதீர்கள், தாகமெடுத்தால் நம் சோடாவையே குடியுங்கள் என்று மதினியிடம் சொன்னேன். அவரும் கேட்டார்.
4. சித்திரை பத்தாம் தேதி மதினிக்குக் கண்டது. மறுநாள் மத்தியானம் இறந்துபோனார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கிருமி எதில் வாழும், எதில் சாகும் என்று படித்துத் தேறியவள். அதனால்தான் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அண்ணனின் சோடாக் கம்பெனியைப் பார்த்துவிட்டு வருவேன். கிணற்றுத் தண்ணீர் அண்டாவில் கொதித்தது. வடிகட்டும் துணி வெள்ளையாக இருந்தது. பாட்டில்களை வெந்நீரில் அலசினார்கள். எனக்குக் குறை தெரியவில்லை. குடிக்க வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, வெந்நி சோடாவா? அப்படியே ரெண்டு கரண்டி காப்பித்தூளும் போட்டுருங்க" என்றார் மில்லிலிருந்து வந்த ஒருவர். பெஞ்சியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "குளுந்தாத்தான் குடிக்காகட்டி. தொட்டியில போட்டு வைக்கட்டா?"

ஐஸ் மதுரையிலிருந்து மரத்தூளில் புதைந்து வரும்; கல்யாண வீடுகளுக்கே எட்டாது. கல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாட்டில்களை அமிழ்த்தி, மேலே ஈரச்சாக்கு போடுவதுதான் எங்கள் ஊர் வழி. கிணறு வற்றிக்கொண்டிருந்ததால் தொட்டிக்குக் கண்மாய்த் தண்ணீர் வண்டியில் வந்தது. அது எனக்குத் தெரியும்.

"மூடின பாட்டில்தானண்ணே, போடுங்க" என்றேன்.

மதினிக்கும் குளிர்ந்த சோடாதான் பிடிக்கும். "கம்பவுண்டரம்மா உத்தரவு, சோறு வெந்துச்சோ இல்லையோ, சோடா குடிச்சாச்சு" என்று கேலி செய்வார்.

தகவல் வந்து நான் போனபோது மதினிக்குக் கண் உள்ளே போயிருந்தது. கைவிரல் தோல் சுருங்கியிருந்தது. உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்ற டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வன்னியம்பட்டிக்குப் போயிருந்தார்.

"செத்த குளுந்ததாத் தாட்டி" என்றார் மதினி.

தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, கட்டைவிரலால் கோலியை அழுத்தி, நானே குடிக்கவைத்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியாமல் தொட்டியைச் சுத்தம் செய்யப் போனேன். ஒரு பாட்டிலை நிமிர்த்தினேன். கேஸ் உள்ளிருந்து கோலியைக் கழுத்தில் இறுக்கி வைத்திருந்தது. கோலிக்கு மேலே, பாட்டில் வாயில், ஒரு கரண்டி அளவு கண்மாய்த் தண்ணீர் நின்றது. அதில் பாசி நூல் ஒன்று மிதந்தது. அழுத்தினேன். கோலி இறங்கியது. அந்தத் தண்ணீரும் பாசியும் சோடாவுக்குள் போயின.

காய்ச்சியது, வடிகட்டியது, அலசியது எல்லாம் கோலிக்குக் கீழே. வாய் வைக்கும் இடத்தை நான் நினைக்கவே இல்லை. அந்தப் பதினைந்து நாளில் எத்தனை பாட்டில் விற்றது என்று அண்ணனிடம் கேட்கவில்லை. எதையும் எண்ணிப் பார்க்கிறவள் நான். அதை எண்ணவில்லை.

பாட்டிலைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டிச் சொன்னேன். 

"நீதானட்டி போடச் சொன்னே" என்றார். அவ்வளவுதான்.

எதிரே இருந்த சோடாக் கடையின் தொட்டியிலும் அதே கண்மாய்த் தண்ணீர்தான். போய்ச் சொன்னேன். "சொந்த மதினியக் காப்பாத்தத் தெரியல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாக" என்றார் கடைக்காரர். பாட்டில் வாயைத் துடைத்தாவது கொடுங்கள் என்றேன். பெஞ்சியில் இருந்தவர் கோலியை அழுத்திக் குடித்துவிட்டு எனக்கு நேரே ஏப்பம் விட்டார்.

அண்ணன் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். சூடான சோடாவை யாரும் வாங்குவதில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. எதிர்க்கடையில் கூட்டம். வாந்திபேதி இன்னும் நிற்கவில்லை.