கிழக்குக் கரையில் நின்ற கிணறு

அந்தக் காலத்தில் திருச்சி பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம் முடிந்த ஜோடிகளும், கப்பலேறிப் பினாங்குக்குப் போகிறவர்களும்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழிக் காலையில், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒருவர் படியேறி வந்து, "எங்க ஊரையே போட்டோ புடிக்கணும் பாய்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஜீயபுரத்துக்கு நேரே, காவிரிக்கு நடுவில் இருந்த ஒரு திட்டுக்கு அவர் நாட்டாண்மை. முப்பது நாற்பது குடும்பங்கள் அங்கே வாழை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தன. ஸ்ரீரங்கமும் ஆற்றுக்கு நடுவே இருக்கிற தீவுதான். ஆனால் அதற்குப் பாலம் உண்டு, ரயில் உண்டு, பஸ் உண்டு. இந்தத் திட்டுக்கு ஒரே ஒரு பரிசல். ஆடியில் தண்ணீர் பெருகினால் வாரக்கணக்கில் அங்கே யாரும் போகவும் முடியாது, அங்கிருந்து யாரும் வரவும் முடியாது.

"எங்க முப்பாட்டனுங்க வந்து எறங்கி வர்ற தையோட நூறு வருஷம். விழா எடுக்கிறோம். தாசில்தார் வர்றாரு, இன்னும் பெரிய மனுசங்க வர்றாங்க."

"நூறு வருஷம்னு கணக்கு எப்படித் தெரியும்?" என்று சும்மா கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "யாராச்சும் கேக்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்க, நானாத்தான் கேட்டேன்."

"எங்களுக்குத் தெரியும்" என்று எழுந்துவிட்டார். படியில் இறங்குமுன் நின்று என் மேஜை, சுவரில் மாட்டியிருந்த படங்கள், கேமரா எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "அந்தத் திட்டுல சாராயம் காய்ச்சுறாங்கன்னு வாழையெல விக்கிற அம்மா சொல்லுது. போலீஸ் வந்தா கேமராவோட உங்களையும் சேத்துப் புடிச்சுட்டுப் போவான்" என்றாள். மதுவிலக்கு இருந்த காலம் அது. நாட்டாண்மை என் அறையைப் பார்த்த பார்வை அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. இருந்தாலும் ஒத்துக்கொண்டாகிவிட்டது.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் விழா. ஸ்டாண்டு கேமராவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சின்ன கைக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பரிசலில் உட்கார்ந்தேன். அக்கரையில் வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு விருந்தாளிக்கும் சந்தனம் கொடுத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள். கூடவே ஆளுக்கு இரண்டு பேரைத் துணைக்கும் விட்டார்கள்.

எனக்குத் துணையாக வந்த இரண்டு பேரும் என்னை விட்டு நகரவில்லை. நான் நின்றால் நின்றார்கள், திரும்பினால் திரும்பினார்கள். மேற்கே இருந்த கூரைப் பள்ளிக்கூடம், நடுவே இருந்த களம், தெற்குத் துறை எல்லாவற்றையும் எடுக்க விட்டார்கள். கிழக்கே வாழைத் தோட்டத்தின் முடிவில் தென்னங்கீற்றுத் தட்டிகளை நெருக்கமாக நட்டு மறைத்திருந்தார்கள். கீற்று பச்சை மாறவில்லை. அந்த வாரம் முடைந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பாம்புங்க. நெறைய இருக்கு" என்றான் ஒருவன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அதே பக்கம் கைத்தடியை நீட்டி அதே கேள்வியைக் கேட்டார். நெற்றியில் நாமம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. ஆற்றுக் கரைகளைப் பார்த்துக்கொள்ளும் இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நாட்டாண்மையே பதில் சொன்னார்: "அங்க எங்க அம்மன் இருக்கு சாமி. வெளியாளு போகக் கூடாது."

"அப்படியா? முன்னே நான் வந்தப்போ அம்மன் மேற்கேன்னா இருந்தா?" என்றார் அவர்.

நாட்டாண்மை காதில் விழாதவர்போலப் பந்தலுக்குள் போய்விட்டார். எனக்குப் பாம்பு, அவருக்கு அம்மன். சாராயம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சாம்பார் கொதிக்கிற வாசனைதான் வந்தது.

தாசில்தார் பேசினார். நூறு வருடமாக ஆற்றோடு மல்லுக்கட்டி வாழ்ந்த மக்கள் என்று புகழ்ந்தார். கடைசியில், "உங்க பாதுகாப்புல சர்க்காருக்கு அக்கறை இருக்கு" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதுகாப்பு என்ற சொல்லில் அப்படி என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

ஊரை உட்கார வைத்து, விருந்தாளிகளை நடுவில் நாற்காலியில் இருத்திப் படம் எடுத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தபோது, ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஓவர்சியர் தலையைத் திருப்பி எங்கே பார்க்கிறார் என்று எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது பரிசலில் நானும் வாடகைப் பாத்திரங்களும்தான். பாரம் அதிகம். பாதி ஆற்றில் பரிசல்காரரின் மூங்கில் கழி ஒடிந்துவிட்டது. பரிசல் சுற்றிச் சுற்றி, நீரோட்டத்தோடு கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திட்டின் முனை தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தேன்.

தட்டிகளுக்குப் பின்னால் நிலமே இல்லை. கத்தியால் வெட்டினாற்போல் கரை செங்குத்தாக நின்றது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். வேரோடு சாய்ந்த வாழைகள் தலைகீழாகத் தொங்கின. அதற்கு முன்னால், ஆற்றுக்குள்ளேயே, சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு ஒன்று தனியாக, தூண்போல நின்றுகொண்டிருந்தது. சுற்றியிருந்த மண்ணையெல்லாம் ஆறு தின்றுவிட்டது. கிணறு இருந்த இடத்தில் ஒரு வீடும் இருந்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. கைக் கேமராவை எடுத்து ஒரு தடவை அமுக்கினேன்.

உடைந்த கழியை வைத்துத் துழாவிக்கொண்டிருந்த பரிசல்காரர் திரும்பினார். "என்னத்தப் புடிச்சீங்க?"

"மேகத்த."

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை. உடைந்த கழியாலேயே துழாவித் துழாவிக் கரை சேர்த்தார்.

மூன்றாம் நாள் நாட்டாண்மை வந்தார். ஊர்ப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

"கெணத்தப் புடிச்சீங்களாமே பாய்."

"எந்தக் கெணறு?"

"பாய், மூணு வருசமா அந்தப் பக்கம் இடிஞ்சுக்கிட்டே வருது. ஆபீசுல தெரிஞ்சா பாதுகாப்புன்னு சொல்லி எங்கள அள்ளிக் கரையில கொட்டிடுவாங்க. நெலத்துக்கு எங்ககிட்ட பட்டா கெடையாது. திட்ட விட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நூறு வருசம் இருந்திருக்கோம்னு ஊருக்குக் காட்டத்தான் இந்த விழாவே."

சாராயம் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயில் வந்தது பொய்தான். "எடுத்தேன். விழல. ஆட்டத்துல கலங்கிப் போச்சு" என்றேன். படம் அச்சாக விழுந்திருந்தது. நெகட்டிவ் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், நல்ல படத்தைக் கொளுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவ்வளவுதான். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனார். நம்பினாரா இல்லையா, தெரியவில்லை.

அடுத்த வாரம் ஓவர்சியர் வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும்முன் கேட்டார்: "பாய், கிழக்குக் கரையை எடுத்தேளா? பரிசல் அந்தப் பக்கமா அடிச்சுண்டு போறதைக் கரையிலேர்ந்து பார்த்தேன்."

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு பிரதி வேணும். காரியம் இருக்கு."

என்ன காரியம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விழாவில் தாசில்தாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இவர். தட்டியைப் பார்த்துக் குத்தலாகப் பேசியவரும் இவர். இவர் கையில் படம் போனால் நேரே ஆபீசுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். "விழலீங்க. கலங்கிப் போச்சு" என்றேன், அதே வார்த்தைகளை.

"அடடா" என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனார். ஒரு ஊரைக் காப்பாற்றிவிட்டதாக அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருடம் மைசூர்ப் பக்கம் பலமான மழை. ஆடி முடிவதற்குள் காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. கிழக்குப் பக்கம் இடிய ஆரம்பித்து, களம்வரை ஆற்றோடு போய்விட்டது. பட்டப்பகலில் நடந்ததால் எல்லோரும் மேற்கே பள்ளிக்கூட மேட்டில் ஏறிக்கொண்டார்கள். ஜீயபுரத்து ஆட்கள் பரிசல்களைக் கொண்டுபோய் மக்களைக் கரை சேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மாடுகள் போயின, வாழை முழுக்கப் போனது.

செய்தி கேட்டதும் நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். ஓவர்சியர் வீட்டை விசாரித்துப் போய், வாசலில் நின்றபடியே, "படம் விழுந்திருந்துச்சுங்க. பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். இலாகாவுக்கு எழுதிய மனு. திட்டின் கிழக்குக் கரையில் கருங்கல் போட்டுத் தடுப்புக் கட்டித் தர வேண்டும், அதற்கு அத்தாட்சியாக இத்துடன் புகைப்படம் இணைத்திருக்கிறேன் என்று இருந்தது. கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"படம் இல்லாம அனுப்பினா தூக்கிப் போட்டுடுவா. அந்த ஆபீசில்தானே நான் முப்பது வருஷம் இருந்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி."

"சொன்னா நாட்டாண்மை காதுக்குப் போகும், மனுவே வேண்டாம்னு காலைக் கட்டிப்பான்னு நினைச்சேன். நீர் அவாளோட மனுஷர்னுன்னா நினைச்சுட்டேன்."

என்னை அவர்களுடைய ஆள் என்று இவர் நினைத்தார். அவர்களோ என்னை ஆபீசின் ஆள் என்று நினைத்தார்கள். நெகட்டிவைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

திட்டு மக்களுக்கு ஜீயபுரத்துக்கு மேற்கே, சாலையோரமாக இடம் ஒதுக்கினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அங்கே போனேன். ஓவர்சியர் அதற்குள் காலமாகிவிட்டார். நாட்டாண்மை தகரக் கொட்டகை ஒன்றின் முன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கிணற்றுப் படத்தை அவர் கையில் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எங்க சின்னம்மா வூட்டுக் கெணறு" என்றார். பிறகு, "ஆக, நீங்க குடுத்திருந்தா கல்லு வந்திருக்கும்னு சொல்றீங்க."

"வந்திருக்கலாம்."

"கல்லு வந்திருக்கலாம். படத்தப் பாத்துட்டு எங்களக் கெளப்புறதுக்கு ஆளும் வந்திருக்கலாம். அந்த சாமி நல்லதுக்குத்தான் கேட்டாருன்னு நீங்க நம்புறீங்க. ஒரு காயிதத்தக் காட்டுனாரு, அதப் பாத்து நம்புறீங்க. நான் பாக்கல பாய்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எதற்கென்று கேட்பது என்று அப்புறம் தெரியவில்லை. உள்ளிருந்து அவர் மருமகள் மோர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, புது ஊரை ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் நாட்டாண்மை. "யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலீங்க."

அவர் கயிற்றை எடுத்து மறுபடி திரிக்க ஆரம்பித்தார். "அப்படின்னா வேணாம்" என்றார்.