எண்ணெய் விரலால் கொடுத்த சரி

கொட்ரேஷ் கர்நாடகத்துக் கொட்டூர்க்காரன். நெற்றியில் விபூதி இல்லாமல் கணினி முன் உட்காரமாட்டான். எங்கள் பெங்களூரு அலுவலகத்தில் டீ போடுகிற எனக்குக்கூட அவன் வேலை புரியும். அவனே சொன்னான்.

"அக்கா, பாலை அடுப்புல வெச்சுட்டுப் பொங்குற வரைக்கும் சும்மா நிப்பீங்களா?"

"அதுக்குள்ள நாலு கிளாஸ் கழுவிடுவேன்."

"நான் எழுதுற புரோகிராம், லைப்ரரின்னு சொல்லுவோம், அதுவும் அப்படித்தான். ஒரு இடத்துலேருந்து பதில் வரலைன்னா நிக்காது. அடுத்த வேலையைப் பார்க்கும்."

நான்கு வருடம் எழுதி வளர்த்தான். எல்லாக் குழுவினரும் அதை வைத்துத்தான் தங்கள் இணையச் சேவைகளைக் கட்டினார்கள். அதில் ஒரு வரி மாறினாலும் இன்னொருவர் படித்துச் சரி கொடுக்கவேண்டும். கொடுத்தவரும் பொறுப்பு.

அன்று அவனும் அறைத் தோழன் சுமந்தும் என் அடுப்படியில் அரிசிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சின்ன மாத்தம்தான்டா. சரி போட்டுடு," என்றான் சுமந்த்.

"படிச்சுட்டு..."

"மாமியார் மாதிரி நோண்டாதே. நான்தானே எழுதினேன்!"

கொட்ரேஷ் சிரித்தான். படிக்காமலே, எண்ணெய் விரலால் மடிக்கணினியில் 'சரி'யைத் தட்டினான்.

மறுநாள் எல்லாச் சேவைகளும் நின்றுபோயின. சுமந்த் எழுதிய ஒரு வரி, பதில் வரும்வரை அசையாமல் நின்றதாம். அதன் பின்னால் எல்லாமே நின்றன.

மேலாளர் வைஜயந்தி மேடத்தின் கூட்டத்துக்கு டீ கொண்டுபோனேன்.

"எழுதினது நான்தான் மேடம். ஆனா கொட்ரேஷ் முழுசாப் படிச்சுட்டுத்தான் சரி போட்டான். லைப்ரரிக்கு அவன்தானே பெரியவன்?" என்றான் சுமந்த், கண் இமைக்காமல்.

சிவனே, இருவரும் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். கொட்ரேஷ் அவனையே பார்த்தான். படித்தும் தவறவிட்டது கொட்ரேஷ்தான் என்று சொல்லி, மேடம் லைப்ரரிப் பொறுப்பைச் சுமந்த் கைக்கு மாற்றினார்.

"படிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே தம்பி?" என்று பிறகு கேட்டேன்.

"படிக்காம சரி போட்டேன்னு சொன்னா அது இன்னும் பெரிய தப்புக்கா. அது தெரிஞ்சுதான் அவன் சொன்னான்."

அடுத்த வாரம் சுமந்த் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தான்.

"இன்னும் கோபமாடா? இந்த மாத்தத்தையும் பார்த்துடு. உன்னைவிட்டா எனக்கு யாரு?"

கொட்ரேஷ் எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். துண்டில் விரல் விரலாகத் துடைத்தான். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். சுமந்த் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். பஜ்ஜி ஆறிப்போனது.

"பதினேழாவது வரி நிக்குது. திருத்திக் கொண்டா," என்றான் கொட்ரேஷ்.

பஜ்ஜிப் பொட்டலத்தையும் சுமந்த் பக்கமே தள்ளிவைத்தான்.