எந்தத் தொடரிலும் சேராத ஆட்டம்

ஹோர்சன்ஸ் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் உதைபந்தாட்ட மைதானத்துக்கு மதில் கிடையாது. ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடப்பட்ட செடிவரிசை. மற்ற மூன்று பக்கமும் திறந்த புல்வெளி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் புல்வெளியைக் குறுக்கே கடப்பதில்லை. தெருவைச் சுற்றி வந்து, வாசலில் போட்டிருக்கும் சின்ன மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். மழை கொட்டினாலும் அப்படித்தான். அந்த மேசைக்குப் பின்னால் இருந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பவன் நான். முதல் மாதம் முழுவதும் இந்த மனிதர்களுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் மைதானத்தைச் சுற்றி ஆளுயர மதில் இருந்தது. மதிலின் மேல் உடைந்த போத்தல் துண்டுகள் பதித்திருந்தார்கள். வருடத்தில் ஒருமுறை எங்களுக்கும் அயல் கல்லூரிக்கும் நடக்கும் இரண்டு நாள் கிரிக்கெட் ஆட்டத்தின்போது, அந்தப் போத்தல் துண்டுகளின் மேல் சாக்கைப் போட்டுவிட்டு ஆட்கள் ஏறி உள்ளே விழுவார்கள். பழைய மாணவர்கள், சந்தைக்காரர்கள், மினிபஸ் சாரதிகள், கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் எல்லாரும் வருவார்கள். ஒரு வருடம் மாணவர் தலைவர்களில் ஒருவனாக மதிலேறுகிறவர்களைப் பிடிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. இரண்டு நாளில் நான் பிடித்தது மூன்று பேர். அதில் ஒருவர் எங்கள் கணித வாத்தியாரின் தம்பி. அவரை விட்டுவிட்டேன்.

எண்பத்தைந்தில் டென்மார்க்குக்கு வந்து, அகதிகள் முகாமில் சில மாதங்கள் இருந்து, மொழி வகுப்பு முடித்து, ஹோர்சன்ஸில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்காலிக் கால்களுக்கு மெருகு போடும் பகுதி. எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் யோர்கன். ஐம்பது வயதிருக்கும். பெரிய உருவம், குறைந்த பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரத்தில் என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை ‘காம்ப்’புக்கு வா என்றார். எங்கள் ஊரில் காம்ப் என்றால் இராணுவ முகாம். இந்த நாட்டில் காம்ப் என்றால் நான் விட்டுவந்த அகதி முகாம். எதற்காகத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், பத்திரத்தில் ஏதாவது பிழையா என்று பயந்துகொண்டு வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். போராட்டம், சண்டை என்று போட்டிருந்தது. இன்னும் பயந்தேன். மூன்றாவது பொருளாக, கீழே, விளையாட்டுப் போட்டி என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். யோர்கன் அந்தச் சின்னக் கழகத்தின் பொருளாளர் என்று அங்கேதான் தெரிந்தது. சீட்டுக் கிழிக்கும் கிழவருக்கு முழங்கால் வலி; ஆள் தேவைப்பட்டது. அடுத்த கிழமையிலிருந்து மேசை என்னுடையதாயிற்று.

இந்த நாட்டில் என்னைப் பெயர் சொல்லி அழைத்த முதல் இடம் அந்த வாசல்தான். தொழிற்சாலையில் எனக்கு இலக்கம் இருந்தது, நகரசபையில் ஒரு காகிதக் கோவை இருந்தது. மேசைக்கு முன்னால் மட்டும், என் பெயரின் முதல் இரண்டு எழுத்தையாவது பிடித்துக்கொண்டு, ‘இன்றைக்கு எப்படி?’ என்று கேட்டார்கள். அதனால்தான் அடுத்த வருட வசந்தகாலத்தில் கூட்டம் குறைந்தபோது எனக்கு அப்படி ஒரு கவலை வந்தது.

குறைந்ததற்குக் காரணம் மேலிடத்து மாற்றம். இங்கே கழகங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒன்றோடொன்று விளையாட விடுவார்கள். அந்தப் பிரிவுக்கு டேனிஷ் மொழியில் ‘வட்டம்’ என்று பெயர். உச்சியில் இருக்கும் பெரிய கழகங்களின் பிரிவை மாற்றினார்கள். தொலைக்காட்சிக்கு எது நன்றாக விலைபோகும் என்று பார்த்துத்தான் செய்தார்கள் என்று மைதானத்தில் கதைத்துக்கொண்டார்கள். உண்மையோ தெரியாது. மேலே ஒரு படியை நகர்த்த, கீழே இருந்த எல்லாம் நகர்ந்து, கடைசியில் எங்கள் கழகம் மேற்குக் கரைப் பக்கத்து வட்டத்தில் போய் விழுந்தது. பக்கத்து ஊர்க் கழகம் பழைய வட்டத்திலேயே தங்கிவிட்டது. ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் அந்தக் கழகத்தோடு மோதும் நாளில்தான் எங்கள் மைதானம் நிரம்பும். புதிய எதிரணிகள் மணிக்கணக்காகப் பஸ்ஸில் வந்து, விளையாடிவிட்டுப் போனார்கள். அவர்களோடு யாரும் வரவில்லை. எங்கள் ஆட்களும் சனிக்கிழமை தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டம் பார்த்ததோடு திருப்திப்பட்டு வீட்டிலேயே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் புத்தகத்தில் பாதிகூட முடியவில்லை. யோர்கன் மீதிப் பாதியை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.

அந்த இலையுதிர்காலமும் அப்படியே போயிற்று. மாரிக் குளிரில் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ‘கெனரால்ஃபொர்சாம்லிங்’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லப் பழகுவதற்கே எனக்கு ஒரு கிழமை எடுத்தது. இப்படியே போனால் இன்னொரு கழகத்தோடு சேர்ந்து, மைதானத்தை நகரசபையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று தலைவர் சொன்னார். உதைபந்தாட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதலாம் என்றார் ஒருவர். எழுதியாயிற்று, பதில் வந்தாயிற்று, வட்டம் மாறாது என்றார் யோர்கன். நான் கையைத் தூக்கியது எனக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்த டேனிஷில், எங்கள் ஊரில் இரண்டு கல்லூரிகள் வருடா வருடம் ஓர் ஆட்டம் ஆடும் என்று சொல்லத் தொடங்கினேன்.

“எந்த வட்டத்தில்?” என்று தலைவர் கேட்டார்.

“வட்டம் இல்லை. தொடரும் இல்லை. புள்ளியும் இல்லை.”

“புள்ளி இல்லையென்றால் எதற்காக ஆடுகிறார்கள்?”

அதற்கு என்னிடம் டேனிஷ் இல்லை. யோசித்துப் பார்த்தால் தமிழும் இல்லை. இரண்டு கல்லூரிகளும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஆட்டம், அதை ஒருவரும் பிரிக்க முடியாது, ஆட்கள் மதிலேறிக் குதித்து வருவார்கள் என்று மட்டும் சொன்னேன். நான் சொன்ன வினைச்சொல் பிழையாகிவிட்டது போலிருக்கிறது. ஆட்கள் மதிலிலிருந்து விழுந்து காயப்படுகிறார்கள் என்று நினைத்து, பின்வரிசைப் பெண்மணி ஒருவர், பாவம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் யோர்கன் சொன்னார்: “அவன் சரியாகத்தான் சொல்கிறான். பக்கத்து ஊரோடு ஆடுவதற்கு நமக்கு எதற்குச் சங்கம்? நான் நாளைக்கே அவர்களுக்குத் தொலைபேசி எடுக்கிறேன்.”

அவர்களுக்கும் அதே குறை இருந்தது. கோடை விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள்.

அதற்குள் இன்னொரு பிரச்சினை. ‘நேர்ராடியோ’ என்று ஊருக்கு ஊர் சின்ன வானொலிகள் அப்போதுதான் முளைத்திருந்தன. எங்கள் நகரத்து வானொலி ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இயங்கியது. அதில் சம்பளமில்லாமல் வேலை செய்த கிர்ஸ்டன் என்ற பெண், பகலில் நூலகத்தில் இருப்பவள், ஆட்டத்தை நேரடியாக ஒலிபரப்ப அனுமதி கேட்டு வந்தாள். என்ன தருவீர்கள் என்று யோர்கன் கேட்டார். பெரிய கழகங்களுக்குத் தொலைக்காட்சி காசு தருகிறதே என்றார். எங்களிடம் ஒன்றுமில்லை, ஒலிவாங்கிகூட இரவல் என்றாள் அவள். யோர்கன் முடியாது என்றார். வீட்டில் படுத்திருந்து கேட்கலாமென்றால் எவன் சைக்கிள் எடுத்துக்கொண்டு வருவான் என்பது அவருடைய வாதம். அவள் முகம் வாடிவிட்டது. எங்கள் கல்லூரி ஆட்டத்தில் முதல் நாள் ஒலிபெருக்கி தெருவுக்கும் கேட்கும், அதைக் கேட்டவர்கள்தான் இரண்டாம் நாள் மதிலேறுவார்கள் என்பது எனக்கு நினைவு வந்தது. முதல் பாதியை மட்டும் கொடுக்கலாம் என்றேன். முடிவு தெரியவேண்டுமென்றால் வரட்டும். யோர்கன் கிர்ஸ்டனிடம் திரும்பி, “கிழமை முழுக்க ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் விலை,” என்றார்.

ஆட்டத்தன்று நல்ல வெயில். நான் பிரெடெரிசியா நகரத்தில் இருக்கும் ராஜனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் நான் சொன்ன அந்த அயல் கல்லூரியின் பந்துவீச்சாளன். ஒரு வருடம் எங்கள் ஆட்கள் ஏழு பேரை வீழ்த்தி, எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மாதம் தலைகாட்டாமல் இருந்தவன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு, “மச்சான், இதிலை உன்ரை பக்கம் எது?” என்று கேட்டான். காட்டினேன். “அப்ப நான் அங்காலை நிக்கிறன்,” என்று நேரே எதிரணியின் ஆட்களோடு போய் நின்றுகொண்டான்.

முதல் பாதிக்கு வந்த கூட்டமே போன வருடத்தில் நான் காணாதது. மேசையை யோர்கனின் மனைவியிடம் விட்டுவிட்டு, கிர்ஸ்டன் ஒலிவாங்கியோடு நின்ற கோட்டோரம் போய் நின்றேன். எங்கள் இடப்பக்கத்து ஆட்டக்காரன் பீட்டர், வாரநாளில் மின்சார வேலை செய்கிறவன், பந்தோடு தனியே புறப்பட்டான். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கோல் விழுந்தது மட்டும் தெரியும். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் என் தோளில் பலமாகத் தட்டினார்.

இடைவேளை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் சைக்கிள்கள் தெரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. சிலர் வீட்டில் போடும் மரச்செருப்போடேயே வந்திருந்தார்கள். வரிசை தெருவரைக்கும் நின்றது. பாதி ஆட்டத்துக்குப் பாதிச் சீட்டா என்று ஒருவர் கேட்க, யோர்கன் சிரிக்காமல், நல்ல பாதி இனிமேல்தான், முழுச்சீட்டு என்றார். நான் மறுபடி மேசைக்கு வந்து, கிழித்துக் கிழித்துக் கை வலித்து, இரண்டாம் பாதியில் பெரும்பகுதியைப் பார்க்கவேயில்லை. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் தோற்றோம். ராஜன் தூரத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அடுத்த வருடம் அவர்கள் மைதானத்தில் என்று அங்கேயே, புல்லில் நின்றபடி, இரண்டு கழகத்துத் தலைவர்களும் கைகொடுத்துக்கொண்டார்கள். வட்டம் இன்னும் மாறவில்லை. மைதானத்தைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சும் பிறகு எழவில்லை.

கிர்ஸ்டன் அந்த ஒலிபரப்பின் ஒலிப்பதிவு நாடாவை எனக்குப் பிரதி எடுத்துத் தந்தாள். அதை யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். அந்த வருடம் போர் நிலைமை காரணமாக எங்கள் கல்லூரி ஆட்டம் நடக்கவில்லை என்று அவன் முன்பு எழுதியிருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. அவன் கதைக்கிறது போலத்தான் எழுதுவான்.

‘அண்ணா, பழைய பொடியள் ஏழெட்டுப் பேர் இருந்து கேட்டனாங்கள். ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா சனத்தின்ரை சத்தம் எங்கடை மைதானத்துச் சத்தம் மாதிரியே கிடந்தது, ரண்டுதரம் போட்டுக் கேட்டம். பாதியோடை நிண்டுபோச்சு, ஆர் வெண்டது எண்டு எழுதுங்கோ. ஒரு இடத்திலை ஆரோ ஒரு தமிழ்ப் பொடியன் “ஓடடா, விடாதை, ஓடு” எண்டு தொண்டை கிழியக் கத்துறான். ஆர் அவன்? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?’

எங்கள் குடும்பத்திலேயே உரத்துப் பேசாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். கிர்ஸ்டனிடம் இருந்த மூல நாடாவையும் இரவல் கருவி ஒன்றையும் வாங்கிவந்து, சமையலறை மேசையில் வைத்து, அந்த இடம் வரும்வரை ஓடவிட்டேன். டேனிஷ் குரல்கள் திரண்டு எழும்ப, அவற்றுக்கு நடுவில், பீட்டர் என்ற ஒரு வெள்ளைக்காரனை நோக்கி, ஒருவன் தமிழில் கத்திக்கொண்டிருந்தான். எனக்கும் அந்தக் குரல் யாருடையது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது.