ஒன்பது டிக்கெட்டும் ஒரு பெரியப்பாவும்

டிராவல்ஸ் தொழில் என்பது, தான் போகாத ஊருக்கு அடுத்தவரைத் தைரியமாக அனுப்பி வைக்கும் தொழில். "பாரிஸ்ல மழை பெய்யுமா?" என்று யாராவது கேட்டால், "சாயங்காலம் லேசா தூறும், ஒரு குடை வச்சுக்கோங்க" என்று நான் சொல்லும் அழகைப் பார்த்து, நேற்றுத்தான் அங்கிருந்து வந்து இறங்கியவள் என்று நினைப்பீர்கள். நான் கடைசியாகப் போன வெளியூர் கோவில்பட்டி.

அருப்புக்கோட்டையில் பதினெட்டு வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ரயில் டிக்கெட், காசி யாத்திரை, துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட், இவைதான் என் பிழைப்பு. பேங்கிலோ மருந்துக் கடையிலோ என்னைப் போலவே கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து பாடுபடுகிறவர்களுக்கு இது தெரியும்: விற்பது லேசு, வாங்கியவர் மனசு மாறாமல் காப்பாற்றுவதுதான் பாடு. போன ஆடியில் இரும்புக்கடை கனகவேல் அண்ணாச்சி குடும்பத்தைப் பாரிஸுக்கு அனுப்பி வைப்பதற்குள் நான் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் பாடு பரவாயில்லை என்று தோன்றும்.

பத்து நாளில் பதினைந்து நாடு

அண்ணாச்சி, அவர் மனைவி ஜெயா மதினி, இரண்டு தம்பிகள், அவர்கள் மனைவிமார், மூன்று வீட்டுக்கும் சேர்த்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் மூவர். ஆக ஒன்பது பேர். வெளிநாட்டுச் சுற்றுலா என்று என்னிடம் வந்த முதல் கூட்டம் அதுதான் என்பதால், ஒன்பது பேருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணாச்சியின் போனில் யாரோ அனுப்பிய நோட்டீஸ் ஒன்று இருந்தது. பத்து நாளில் பதினைந்து நாடு. கம்பியை எடை போட்டே பழகியவர் அல்லவா, அதுதான் கட்டுபடியாகும் என்றார். மதினிக்கோ பாரிஸ் ஒன்று போதும். ஐந்து நாள் ஊரைச் சுற்ற வேண்டும், இரண்டு நாள் ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய தீம் பார்க்குக்குப் போக வேண்டும். நான் நோட்டீஸைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு நாட்டுக்கு அரை நாள், அதிலும் பாதி நேரம் பஸ்ஸுக்குள். இதை நான் சொன்னதும் மதினி அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸ விட்டு எறங்கி ஏறுறதுக்கா அம்புட்டுத் தூரம் போறோம்? அதுக்கு நம்ம மதுர பஸ்ஸே போதும்."

ராட்டினம்

மறுவாரம் அண்ணாச்சி தனியாகப் போன் செய்தார். தீம் பார்க்கை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டுமாம். மதினி கேட்டால், அந்த நாளில் அங்கே விடுமுறை என்று நான் சொல்ல வேண்டுமாம். "அம்பது வயசுக்கு மேல ராட்டினத்துல ஏறி என்னம்மா செய்யப் போறோம்? அதான் பங்குனிப் பொங்கலுக்கு நம்மூர்லயே போடுறானே" என்றார். பதினெட்டு வருஷத்தில் நான் பல பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் பெண்பிள்ளைகளிடம் சொன்னதில்லை. நீங்களே மதினியைக் கூட்டி வந்து சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டி வந்தார். சொல்லவும் செய்தார். மதினி சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு தீம் பார்க் பட்டியலிலேயே நின்றது.

"இருவத்தெட்டு வருசமா அந்த ராட்டினத்துக்குக் கீழ செருப்புக்கும் பைக்கும் காவல் நின்னுருக்கேன். நீயும் ஏறுன்னு ஒரு நாளாச்சும் சொன்னீகளா?"

ஆடி

தேதி குறிக்கும் படலம் ஒரு வாரம் நடந்தது. சித்திரையில் ஒருவர் வீட்டுக் கல்யாணம், வைகாசியில் இன்னொருவர் வீட்டுக் காதுகுத்து, ஆனியில் நிச்சயதார்த்தம். எதற்கும் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் நம் வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி காலியாக இருக்கும். கடைசியில் நான் காலண்டரைத் திருப்பி ஆடியைக் காட்டினேன். யார் வீட்டிலும் விசேஷம் வைக்காத மாதம். சின்னத் தம்பிக்கு மட்டும் சந்தேகம். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாதே என்றார்.

"ஆடியில புதுப் பொண்ணையும் மாப்பிள்ளையையுந்தான் பிரிச்சு வைப்பாக. கெழடு தட்டுன நாம எங்க போனா என்ன?" என்றார் மதினி.

ஷட்டர்

விசாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எதற்காகப் போகிறோம், போன வேலை முடிந்ததும் கண்டிப்பாகத் திரும்பி வருவோம், அதற்கு ஊரில் இன்ன இன்ன பிடிமானம் இருக்கிறது என்று. கடை, வீடு, நிலம் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்டேன். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் யாரும் இதுவரை அவரிடம் இப்படிக் கேட்டதில்லையாம். இது கௌரவப் பிரச்சினை இல்லை, எல்லோரையும் இப்படித்தான் கேட்பார்கள் என்று அரை மணி நேரம் சமாதானம் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னதைத்தான் நாகரிகமான இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன், ஒன்பது விசாவும் வந்தன.

"ஏம்மா, நாங்க திரும்பி வரலேன்னா கட ஷட்டர யாரு தூக்குவா? அத எழுது மொதல்ல."

வரிசை

தீம் பார்க்கில் எந்த விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று மதினிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் நின்றால் மூன்று நிமிஷம் சவாரி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து காசி டிக்கெட்டுக்காக வந்திருந்த ஒரு பருத்தி வியாபாரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"வரிசையில நிக்கிறதுக்கா பிளேன் ஏறுறீக? எங்க ஊரு ரேஷன் கடைக்கு வாங்க தாயி, நாள் பூரா நிக்கலாம்."

இன்சூரன்சில் இல்லாத உறவு

எல்லாம் முடிந்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று என்று நான் காலை நீட்டிய நாளில், அண்ணாச்சி தனியாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். திருச்சுழியில் அவருக்கு ஒரு பெரியப்பா இருக்கிறாராம். தவசிலிங்கம் என்று பெயர், வயது எண்பத்தாறு, பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. உடம்பு சரியில்லையாம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மூன்று வீட்டுக்கும் பங்காளித் தீட்டு. பதினாறு நாள் வாசல் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய சங்கடம், கொள்ளி வைக்க வேண்டியவர் அண்ணாச்சிதான். ஒன்பது டிக்கெட்டும் ரத்து செய்தால் பணம் திரும்பி வராத டிக்கெட். மதினியின் இருபத்தெட்டு வருஷமும் அதோடு சேர்ந்து போகும்.

டிக்கெட்டோடு சேர்த்து எடுத்திருந்த பயண இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று, யாருக்கு ஏதாவது ஆனால் பணம் கிடைக்கும் என்பதற்கு, போனை எடுத்த பெண் ஒரு பட்டியல் வாசித்தாள். பெரியப்பா அதில் இல்லை. பங்காளி என்றால் யார், தீட்டு என்றால் என்ன, வாசல் தாண்டக் கூடாது என்றால் ஏன் என்று நான் விளக்கி முடித்தபோது எனக்கே தொண்டை காய்ந்துவிட்டது. அந்தப் பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், அந்தப் பெரியவர் இப்ப உயிரோடதானே இருக்கார்?"

ரெண்டு இட்லி

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பெரியப்பாவைத் தவிர வேறு நினைப்பில்லை. மூன்று வீட்டுக்காரர்களும் முறை வைத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போனார்கள். திங்கட்கிழமை ஆட்டுக்கால் சூப்பு, புதன்கிழமை ஹார்லிக்ஸ், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆள். மதுரைக்குக் காரில் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை தீர்ந்து இரண்டு மாதமாக அவர் வாங்கவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்ததாம். அண்ணாச்சி அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கும் சும்மா இருக்க மனசில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவருக்குச் சோறு போடும் முத்துலட்சுமியின் நம்பரை வாங்கி, தினமும் கடை திறந்ததும் போன் செய்வேன். நேற்று ரெண்டு இட்லி, இன்று மூன்று, ராத்திரி இருமல் குறைவு என்று செய்தி வரும். மூன்று இட்லி என்று கேட்ட நாளில் எனக்கே ஒரு காபி கூடுதலாகக் குடிக்கத் தோன்றியது. ஒரு நாள் முத்துலட்சுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எட்டிப் பாக்காதவுகல்லாம் தெனமும் வாராக. என்ன வெசயம்னு பெரியவரு கேக்குறாக. நான் என்னத்தக்கா சொல்ல?"

பாதி வேண்டுதல்

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஜெயா மதினி பெட்டியைக் கட்டினார், ஆனால் பாரிஸுக்கு இல்லை. திருச்சுழியிலேயே போய்த் தங்கிவிட்டார்.

நடுவில் ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தார். ரத்து செய்வதென்றால் ஹோட்டல் பணமாவது திரும்பி வர எப்போதைக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவுக்கு ராத்திரி முதுகைத் தடவிக் கொடுத்தால்தான் தூக்கம் வருகிறதாம். இப்போதெல்லாம் மதினியை "ஆத்தா" என்று கூப்பிடுகிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் முன்னால் அழக் கூடாது என்பார்கள், அழுதேன்.

"அவுக நல்லாருக்கணும்னுதான் சாமி கும்பிடுறேன் செல்வி. ஆனா அதுல பாதி எனக்காக. அது சாமிக்குத் தெரியாமலா இருக்கும்?"

ஐஸுப் பெட்டி

ஒரு காகிதத்தில் மதினியின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நானே திருச்சுழிக்குப் போனேன். அண்ணாச்சியும் தம்பிகளும் அங்கேதான் இருந்தார்கள். பெரியப்பா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்டார். யாராவது ஒரு பொய்யைச் சொல்வதற்குள் சின்னத் தம்பி முந்திக்கொண்டு, "பாரிஸுக்கு டிக்கெட் போட்ட அக்கா" என்று சொல்லிவிட்டார்.

மதினி தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை நாள், எப்போது கிளம்புவது என்று பெரியப்பா கேட்டார். அண்ணாச்சி திக்கித் திக்கிப் பதில் சொன்னார். பெரியவர் கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி கூரையைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருமளவுக்குச் சிரித்தார். ஆட்டுக்கால் சூப்பின் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று நான் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடினேன்.

"ஏலே கனகு, எட்டு நாளுதான? இருக்கவே இருக்கு ஐஸுப் பொட்டி. நீ வர்ற வரைக்கும் அதுல படுத்துக்கிறேன். ஆத்தாளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா."

வாய்ஸ் மெசேஜ்

போனார்கள். நான் எட்டு நாளும் முத்துலட்சுமிக்கு ரெண்டு வேளை போன் செய்தேன். இட்லி நாலாகிவிட்டது என்று பாரிஸுக்குத் தகவல் அனுப்பினேன். அங்கிருந்து கோபுரம், ஆற்றில் படகு, குடை பிடித்தபடி அண்ணாச்சி என்று போட்டோ வந்துகொண்டே இருந்தது. மதினியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆறாம் நாள் தீம் பார்க்கிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கூட்டம் கத்துகிறது. மதினிக்கு மூச்சு வாங்குகிறது.

"செல்வி, ஏறிட்டேன்! பயத்துல கண்ணத் தொறக்கவே இல்ல. அதான் மறுபடியும் வரிசையில வந்து நிக்கிறேன். இந்தத் தடவ தொறந்துருவேன்."

அடுத்த டூர்

அவர்கள் திரும்பி வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஒரு பெரியவர் ஊன்றுகோலோடு நின்றார். திருச்சுழியிலிருந்து பஸ்ஸுப் பிடித்து, ஒருத்தர் துணையில்லாமல் வந்திருந்தார் தவசிலிங்கம் பெரியப்பா. கன்னத்தில் சதை போட்டிருந்தது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் வருகிறார்களா என்று கேட்டேன். வந்த புதிதில் சாக்லேட் டப்பாவோடு எல்லாரும் வந்தார்களாம். இப்போது மதினி மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். மற்றவர்களுக்குச் சோலி இருக்கும், அவர்களைக் குறை சொல்லக் கூடாது என்றார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"அவுகளுக்கு இன்னொரு டிக்கெட்டப் போட்டு வையி தாயி. எந்த ஊருன்னாலும் சரி, ஆனா ஒரு வருசம் தள்ளிப் போடு. அதுவரைக்கும் வந்துக்கிட்டு இருப்பாகள்ல."

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரை ஊருக்கு அனுப்பியிருக்கிறேன், ஆனால் வீட்டுக்கு ஆள் வரவழைக்க டிக்கெட் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால், அதற்கு என்ன ரேட் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.