குண்டு படாத கை

கோதுமை ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்து நேராகத் தணல் மேல் போட்டால், அது தவளையின் தொண்டை மாதிரி உப்பி, ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழும் நொடியில் ஒரு மணம் வரும். எங்கள் மலையூரான கூக்காலில் ஏரியிலிருந்து பனி மேலேறி வந்து தெருவையே மறைத்திருக்கும் காலை வேளைகளில், அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே நான் பட்டாளத்து மாமா வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ரொட்டி தின்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. சாமைச் சோறும் கேப்பைக் களியும்தான் எங்களுக்குச் சாப்பாடு; ரேஷனில் கோதுமை போட்டால் பலரும் அதைக் கோழிக்கு இறைத்தார்கள்.

முத்தையா என்பது அவர் பெயர். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, எங்கள் பூண்டுக் காட்டுக்கு அடுத்த காட்டில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். உறவு கிடையாது, ஆனாலும் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. அப்பாவும் அம்மாவும் “வெள்ளனே” காட்டுக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூடம் போகுமுன் என் வயிற்றைக் கவனிக்கிற “சோலி”யை அவராகவே எடுத்துக்கொண்டார். “ஏலே, வெரசா வா, உப்பிருச்சு பாரு” என்று அவர் கூப்பிடுகிற குரல் தெருக்கோடிவரை கேட்கும்.

அவருடைய வலது முன்கையில் முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, பளபளவென்று ஒரு தழும்பு. எல்லைச் சண்டையில் குண்டு பாய்ந்த இடம் அது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. ஒருநாள் மாவு உருட்டிக்கொண்டிருந்தவரிடம், குண்டு உள்ளேயே இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “குண்டும் இல்ல, ஒண்ணும் இல்லடா. ஸ்டவ்வு வெடிச்சுச்சு. நான் லங்கர்ல இருந்தேன்.” லங்கர் என்றால் பட்டாளத்தின் சமையற்கூடம். துப்பாக்கிப் பயிற்சி எல்லோருக்கும் உண்டு என்றும், தன் காலமெல்லாம் அடுப்பு முன்னால்தான் போயிற்று என்றும் மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அவர் அதை மறைத்ததே இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. என் அப்பா நின்றார். எதிர்த்துப் பட்டாளத்து மாமா நின்றார். காட்டு வரப்பில் இருவரும் அதைப் பேசிச் சிரித்துக்கொண்டதை நானே பார்த்தேன். அப்பாவுக்கு வண்டிப் பாதை சரியாக வேண்டும், பஸ் ஊருக்குள் வரவேண்டும். மாமாவுக்கு வேண்டியது வேறு. கோழிக்கு இறைக்கிற கோதுமையை வீட்டுக்கு வீடு வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சுடச்சுட ரொட்டி போட வேண்டும். பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன ஏறும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அவருக்காகப் பேச வந்த மளிகைக் கடைக்காரர் ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயிலுக்கு முன்னால் மந்தையில் ஊர் கூடியிருந்தது. பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று அவர் முழங்கினார்: “டெல்லியில உக்காந்து ஆளுற அத்தன பேரும் பட்டாளத்துல ரெண்டு வருசம் நின்னுட்டு வரணும்னு சட்டம் போட்டா, நாடு இப்படியாங்க கெடக்கும்? டெல்லிய நாம திருத்த முடியாது. நம்ம ஊரையாச்சும் குண்டு வாங்குன கை ஆளட்டும்!” கூட்டம் கை தட்டியது. மாமா தலை குனிந்திருந்தார். அதை எல்லோரும் அடக்கம் என்று நினைத்தார்கள். தர்மசங்கடம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அன்று வீட்டில் அப்பா களியைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “குண்டு வாங்குன கைக்கு முன்னால பூண்டு உரிச்ச கை என்னத்துக்கு ஆகும்?” என்றார் அம்மாவிடம். அப்பாவின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. “அது குண்டு இல்லப்பா. ஸ்டவ்வு வெடிச்சது. மாமா அங்க சமையல்காரரு” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் வரவழைத்தேன் என்பதில் எனக்கு இருந்த பூரிப்பை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. அதோடு நின்றிருந்தால்கூட, சிறுபிள்ளை உளறிவிட்டான் என்று என்னை நானே மன்னித்திருப்பேன். நான் நிற்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு பாட்டுக் கட்டினேன். “குண்டு பட்டுச்சா, கொழம்பு பட்டுச்சா?” அவ்வளவுதான் பாட்டு. சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த பொடியன்கள் அத்தனை பேர் வாயிலும் அது ஏறிவிட்டது. மாட்டை ஓட்டுகிறவன் மாட்டுக்குப் பாடினான். தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் குடத்தில் தாளம் போட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து அதைக் கூவிக் கேட்டார்கள். மாமா எழுந்து, சட்டைக் கையை மடித்து, கையை நீட்டிக் காட்டினார். “கொழம்புகூட இல்லங்க, மண்ணெண்ண ஸ்டவ்வு. நான் எப்பங்க குண்டுன்னு சொன்னேன்?” பெட்டி மேல் நின்றிருந்த மளிகைக் கடைக்காரர் இறங்கிவிட்டார். கூட்டம் சிரித்தது. “அதான் சும்மா ரொட்டி ரொட்டிங்குறான். ஏய், நமக்கு வேண்டியது பிரசிடெண்டாப்பா, பரிசாரகனா?” என்று ஒரு குரல் வர, பெண்கள் பக்கமும் சிரிப்புப் பரவியது. மாமா மட்டும் சட்டைக் கையை மெதுவாக இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு, வெயில் நாளிலும் அந்தப் பொத்தான் திறந்திருந்து நான் பார்க்கவில்லை. அப்பா சுலபமாக ஜெயித்தார்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலையிலும் ரொட்டி மணம் தெருவுக்கு வந்தது. “ஏலே, வெரசா வா, உப்பிருச்சு பாரு.” குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான் வாசலிலேயே நின்று, “சாப்பிட்டாச்சு மாமா” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை, வயிறு கூவிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். நானும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு, மணத்தை மட்டும் மூச்சில் இழுத்துக்கொண்டு, அந்த வீட்டை ஓடிக் கடந்தேன். பாட்டைக் கட்டியது யார் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் அறிந்ததே இல்லை. தெரிந்துதான் கூப்பிட்டார் என்று ஒரு சமயம் தோன்றும். அப்படித் தோன்றும்போது உட்கார்ந்திருக்கவே முடியாது.

பிறகு ஒருநாள் அவர் கூப்பிடவில்லை. ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். “ஏன் ராசா, பிரசிடெண்டு மகனுக்கு எங்க வீட்டு ரொட்டி கசக்குதா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பாறையில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன்.

அப்பா நல்ல பிரசிடெண்டாகத்தான் இருந்தார். பாதைக்குக் கல் போட்டார், பஸ்ஸும் வந்தது. அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் நான் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். முதல் லீவுக்குத் திரும்பியபோது மாமா வீட்டில் வேறு யாரோ பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை பிறந்த ஊருக்கு, மலைக்குக் கீழே கீழ்நாட்டுக்குப் போய்விட்டார்களாம். பல வருஷம் கழித்து, அவர் இறந்த செய்தியும் அதே பஸ்ஸில் வந்தது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. செண்பகனூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். நாட்டை ஆள வருகிறவர்கள் ராணுவத்தில் இருந்திருக்க வேண்டுமா என்று டிவியில் அடிக்கடி கத்திக்கொள்கிறார்கள். பேரன் அந்தச் சட்டம் வரவேண்டும் என்கிற கட்சி. நான் எப்போதும் எதிர்க் கட்சி. துப்பாக்கி பிடித்தவர்களிலும் நல்லவன் உண்டு, பொல்லாதவன் உண்டு. ஒருவன் சீருடை போட்டானா என்று கேட்கிற ஊர், அவன் நமக்கு என்ன செய்ய நினைக்கிறான் என்று கேட்க மறந்துவிடுகிறது என்பேன். “தாத்தா நல்லா பாயிண்டு பேசுறீங்க” என்பான். என் சிநேகிதர்களும் அதை என் கொள்கை என்றுதான் நினைக்கிறார்கள். அந்த ஒரு மனிதர் முன்னால் சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் விட்டவன், அதையே ஊரெல்லாம் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

போன மாதம் கூக்காலுக்குப் போயிருந்தேன். மாமா வீடு இருந்த இடத்தில் ஒரு ஹோம்ஸ்டே நிற்கிறது. அடுப்படி இருந்த மூலையில் வெளியூர்க் கார் ஒன்று நின்றிருந்தது. ஏரிப் பனி மட்டும் பழைய மாதிரியே தெருவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது மத்தியான நேரம். வராந்தாவில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்க, சத்துணவுச் சமையல்கார அம்மா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்த என்னை அவள் பார்த்துவிட்டாள்.

“யாருங்கய்யா, அங்கனயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்.”

எனக்குப் பசித்தது. உள்ளே போய் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எவ்வளவோ ஆசையாக இருந்தது.

“சாப்பிட்டாச்சும்மா” என்றேன்.