முதலில் எடுக்கிற முறை

சனிக்கிழமைகளில் சிலிம் ரிவர் பசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து அப்பா கடலையும் சோளமும் வைத்து மடித்த அப்பம் பாலிக் ஒரே ஒன்று வாங்கி வருவார். இரண்டு வாங்க வசதி இல்லாமல் இல்லை. கார் தொழிற்சாலையில் வேலை, ஓவர்டைமும் உண்டு. இருந்தாலும் ஒன்றுதான். கடைக்காரர் கத்தியை எடுத்ததுமே "தா பாயா போத்தோங், பாங்" என்று அப்பா மலாயில் அவசரமாகத் தடுத்துவிடுவார். அங்கே வெட்டக் கூடாது. வெட்டுவது வீட்டில் வைத்து, எங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும்.

அதற்கு அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். வெட்டியவருக்கு மிச்சம். கள்ளத்தனமாக வெட்டினால் ஏமாறப் போவது வெட்டியவரேதான். அப்பா தோட்டத்து லயத்து வீட்டில், சட்டியில் கிடக்கும் கடைசி மீனுக்கு அண்ணன் தம்பிகளோடு அடித்துக்கொண்டு வளர்ந்தவர். தன் பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்னப் பழக வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. எங்கே பிடித்தாரோ அந்தச் சட்டத்தை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொள்வார்.

சட்டத்தில் குறையே சொல்ல முடியாது. என்ன, வெட்டுகிறவள் எப்போதும் நான், எடுக்கிறவன் எப்போதும் தம்பி.

தம்பி சின்னவன், கத்தி பிடிக்கத் தெரியாது என்றுதான் அது ஆரம்பித்தது. அப்போது எனக்கு ஆறு வயது. எனக்கு ஒன்பதும் அவனுக்கு ஏழும் ஆனபிறகும் கத்தி என் கையிலேயே இருந்தது. அவனும் கேட்டுப் பார்த்தான். "ஆம்பளப் பிள்ளைக்குக் கத்தி எதுக்கு? கைய வெட்டிக்குவ" என்றார் அம்மா. ஆறு வயதில் என் கை வெட்டுப்படாத கை, ஏழு வயதில் அவன் கை வெட்டுப்படுகிற கை. இதை நான் கேட்டதற்கு, பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் தானாக வரும் என்று பதில் வந்தது.

தானாக ஒன்றும் வரவில்லை. அப்பம் பாலிக்கைச் சரிபாதியாக வெட்டுவது லேசுப்பட்ட காரியமா? கடலையும் சோளமும் மடிப்புப் பக்கம் போய் ஒதுங்கிவிடும். விளிம்பு மொறுமொறுவென்று உடையும். முதலில் விரலால் மெல்ல அழுத்தி, உள்ளே எங்கே கனமாக இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் நான் கத்தியை வைப்பேன். அப்பா இரண்டு துண்டையும் இரு கையில் ஏந்திப் பார்த்து, "தராசே தேவையில்லலா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வெகுகாலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தம்பி எடுப்பதைப் பார்க்கத்தான் வயிறு எரியும். சமமாக வெட்டிய இரண்டு துண்டுகளுக்கு முன்னால் ராஜா மாதிரி நிற்பான். விரல் இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். வீடே அவனுக்காகக் காத்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது பெரிய துண்டு அல்ல. அப்படி நிற்கிற நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று நானே யோசித்துக்கொண்டு நிற்பதை நாலு பேர் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, பாகான் டத்தோவிலிருந்து அத்தை வந்திருந்தபோது, நான் வெட்ட மாட்டேன் என்றேன். தம்பி வெட்டட்டும், இன்றைக்கு நான்தான் முதலில் எடுப்பேன் என்றேன். அம்மா முறைத்தார். அத்தை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் பிடிவாதம் அந்த வட்டாரத்துக்கே தெரியும். அப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

அப்பா கத்தியைக் கையில் எடுத்தார். பிறகு, "அவ கேக்கிறது ஞாயந்தானே" என்றார்.

"அவன் சின்னப் பையன்லா, அண்ணே" என்றார் அத்தை.

"அவளும் சின்னப் பிள்ளதான்" என்று சொல்லிவிட்டு, கத்தியைத் தம்பி கையில் கொடுத்து, பின்னால் நின்று அவன் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்.

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினான். பாவம், அவன் ஏமாற்ற நினைக்கவில்லை. கத்தி கடலையில் சறுக்கிக் கோணலாகப் போய்விட்டது. ஒரு துண்டு பெரிதாக, மடிப்பு முழுவதையும் சோளத்தோடு இழுத்துக்கொண்டு கிடந்தது. இன்னொன்று வெறும் விளிம்பு. அவன் இரண்டையும் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். சட்டம் அவனுக்கும் தெரியும்.

"எடு பாப்பா. உன் முறை" என்றார் அப்பா.

நான் மேசைக்கு முன்னால் நின்றேன். எத்தனையோ சனிக்கிழமைகளாக நான் ஆசைப்பட்ட இடம். எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டும் பார்வை அல்ல அது, சாதாரணமான பார்வைதான். அத்தையும் அப்படியே பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கை போய்ச் சின்னத் துண்டை எடுத்தது.

"பாரு, பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் முடியைக் கோதிவிட்டார். தம்பி பெரிய துண்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் ஓடினான்.

அப்பா மட்டும் குனிந்து, "உனக்கு இதுதான் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாப்பா."

"நெசமாவா?"

"புள்ளையே ஆசையா எடுத்துருச்சு. இன்னும் என்ன கேள்வி?" என்றார் அம்மா.

நான் தலையாட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. வெறும் விளிம்பைக் கடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அங்கே செம்பனை மரங்களைப் பார்த்து நின்றபோது அழுகை வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், புகழ்ந்தும் விட்டார்கள், பிறகு எதற்கு அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. யாரும் பார்ப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் கத்தியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்பா கொண்டுவந்த பையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. முழுதாக இரண்டு அப்பம். ஒன்றைத் தம்பி கையிலும் ஒன்றை என் கையிலும் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை, வந்தவர்களிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன், அத்தை மெச்சினார், அம்மா மெச்சினார். இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட என்மேல் அப்பாவுக்கு மட்டும் என்ன கோபம் என்று நினைத்துக்கொண்டே, அந்த முழு அப்பத்தை நான் நடுவில் சரிபாதியாக வெட்டினேன்.